குறைந்த செலவில் கேமிங் பிசி: எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளையில்) மிச்சம் பிடிக்காதீர்கள்

கேமிங் கம்ப்யூட்டரை வீட்டிலேயே அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் முதலில் பிராசசரைத்தான் பார்ப்பார்கள். நான் கிராபிக்ஸ் கார்டில் ஆரம்பிக்கச் சொல்வேன். கையில் இருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்காவது அதற்குப் போகட்டும். மானிட்டர் 1080பி என்றால், பிராசசருக்கு ஏஎம்டியின் ரைசன் 5 5600 தாராளம். 6 கோர், 12 த்ரெட். அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகிவிட்டு “டிஸ்ப்ளே வரலையே” என்று முழிக்காதீர்கள், கார்டில்தான் செருக வேண்டும். பழைய பி450 மதர்போர்டு வாங்கினால், அதன் பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) இந்த பிராசசருக்கு ஏற்றபடி அப்டேட் ஆகியிருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

ரேமை 16 ஜிபி ஒன்றாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். நான்கு ஸ்லாட் இருக்கும் போர்டில், பெரும்பாலும் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4 என்று போட வேண்டும். அடுத்தடுத்துச் செருகினால் இரண்டும் ஒரே சேனலில் (பிராசசருக்குப் போகும் பாதையில்) உட்கார்ந்துகொண்டு வேகம் குறையும். அப்புறம் பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யாவிட்டால், 3200 வேகத்துக்குக் காசு கொடுத்த ரேம் அதைவிடக் குறைந்த வேகத்தில்தான் ஓடும்.

கேபினெட்டோடு சும்மா வரும் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள். நான் நம்பினேன். ஒரு நாள் சாயங்காலம் கேம் நடுவில் ‘டப்’ என்று சத்தம், பின்னாலேயே கருகல் வாடை. மதர்போர்டும் சேர்ந்து போனது. இந்த அளவு செட்டப்புக்கு நல்ல தரமான, ‘80 பிளஸ் பிரான்ஸ்’ (Bronze) சான்று உள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். பட்ஜெட் இடித்தால் கலர் லைட் ஃபேனைத் தூக்கிவிடுங்கள்.