சுண்டிக்குளம் போகிறவர்கள் உப்பு வெளியில் வாகனத்தை இறக்க வேண்டாம்

ஒவ்வோர் ஆண்டும் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்து இறங்கியதும், நல்லூர், கீரிமலை, நெடுந்தீவு என்ற வழக்கமான வரிசை முடிந்த பிறகு, காடு மாதிரி ஓரிடம் பார்க்கவேண்டும் என்ற ஆசை எழும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதற்கு ஏற்ற இடம் வடமராட்சி கிழக்கின் கோடியில் உள்ள சுண்டிக்குளம் என்பதால், ஒரு வான் வண்டியைப் பிடித்துக்கொண்டு புதுக்காட்டுச் சந்தியில் திரும்பி, மருதங்கேணி வழியாகக் கடலோரம் தெற்கே போகிறார்கள். தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோகவேண்டும் என்பதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. முன்பு நாங்கள் செய்து, இன்று புதியவர்கள் அச்சுப் பிசகாமல் திருப்பிச் செய்கின்றவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஆடியில் பூநாரை தேடுவது

சுண்டிக்குளம் 1938 இல் சரணாலயமாகவும் 2015 இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பெயர் பெற்றது பறவைகளால் என்பதால், எந்த மாதம் போனாலும் பூநாரைக் கூட்டம் நிற்கும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். வாடைக்காற்றோடு மாரி தொடங்கி, கனகராயன் ஆறு ஆனையிறவுக் கடல்நீரேரிக்குள் வெள்ளத்தைக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் வலசைப் பறவைகளுக்கு அங்கே இரை பெருகும். ஆகவே பறவைக்காகப் போகிறவர் மார்கழிக்கும் மாசிக்கும் இடையில் போகவேண்டும். ஆடி ஆவணியில் போகிறவருக்கு அங்கே இருப்பது பனங்கூடலும், இளம்பனைகளான வடலியும், முள்ளுப் பற்றைகளும், பழம் விழுகின்ற வாசனையுமே. அதுவும் பார்க்கத் தக்கதுதான். ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும்.

காய்ந்த ஏரிப்படுக்கையை வீதி என்று நம்புவது

என்னை இன்றும் எரிச்சல்படுத்துகின்ற தவறு இதுதான். விருந்தினர் வருகின்ற அதே சோளகக் காலத்தில்தான், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில்தான், கடல்நீரேரியின் ஓரங்கள் வற்றி, பனங்கூடலின் விளிம்பிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேசை போலச் சமதரையாகிக் கிடக்கும். கைத்தொலைபேசி வரைபடத்தில் செய்மதிப் படத்தைப் பார்த்தால், அந்த வெளியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பழைய சில்லுத் தடங்கள் தெளிவாகத் தெரியும். சுற்றிப் போகின்ற கிரவல் வீதியோ குண்டும் குழியுமாக இருக்கும். யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் காய்ந்திருப்பது மேற்பரப்பு மட்டுமே. மாரி வெள்ளம் கொண்டுவந்து படியவைத்த நுண்ணிய வண்டலின் மேல், நீர் ஆவியாகும்போது உப்புப் பொருக்கு கட்டுகிறது. அந்தப் பொருக்கே மூடி போல அமைந்து கீழே உள்ள ஈரம் வெளியேறாமல் தடுக்கிறது. எனவே வெயில் கொளுத்த மேலே வெள்ளை ஏறுமேயன்றி, கீழே உள்ள சேறு முழுதாக இறுகிவிடாது. ஆள் நடக்கலாம், மாடு போகலாம்; எட்டுப் பேரை ஏற்றிய வான் போகமுடியாது.

கடந்த ஆவணியில் நான் கூடப்போன ஒரு குடும்பத்தின் வான் அந்த விளிம்பில் நின்றபோது, மீன் பறியைக் கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த முதியவர் ஒருவர் நின்று, "தம்பி, மேல்தான் காய்ஞ்சு கிடக்கு, கீழ சேறு. நானே உருட்டிக்கொண்டுதான் வாறன்" என்றார். இலண்டனிலிருந்து வந்த இளைஞர், "ஐயா, மிசின் போன தடம் கிடக்குதுதானே" என்று மரியாதையாகவே மறுத்தார். நானும் சொன்னேன், கேட்கவில்லை. உழவு இயந்திரத்தின் பெரிய அகன்ற சில்லு தாங்கிப் போகின்ற இடத்தில் வானின் ஒடுங்கிய ரயர் புதையும் என்பதைச் சாரதியாவது அறிந்திருக்கவேண்டும்.

கொஞ்சத் தூரம் ஓடியது. பிறகு முன்பக்கம் ஒரு சாண் இறங்கியது. அந்தக் கணத்தில் நிறுத்தியிருந்தால் ஆட்களை இறக்கி, வந்த தடத்திலேயே பின்னால் எடுத்திருக்கலாம். சாரதியோ வேகமிதியை அழுத்த, பின்சில்லு சுழன்று கருஞ்சேற்றை வாரி இறைத்துக்கொண்டு, அச்சு நிலத்தில் தட்டும்வரை தோண்டியது. தள்ளப் போனவர்களின் செருப்புகள் சேற்றுக்குள்ளேயே நின்றுவிட்டன. தெரிந்த ஒருவர் கூறினார் என்று ரயரின் காற்றைக் குறைத்தார்கள். அது மணலுக்குரிய வைத்தியம்; அச்சே தரையில் இருந்துவிட்ட வாகனத்துக்கு அதனால் பயனில்லை.

கடலில் விட்ட வலையைக் கரையிலிருந்து இழுக்கின்ற கரைவலைக்காரரிடம் உழவு இயந்திரம் இருந்தது. ஆனால் அந்தக் கரையில் சோளகக் காலமே கரைவலைக் காலம். வலையின் மடி கரைக்கு வந்து சேரும்வரை எவரும் இயந்திரத்தை அவிழ்த்துத் தரமாட்டார்கள், தரவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. மைம்மல் பொழுதில் வந்தவர்கள் சில்லுக்கு முன்னால் சேற்றை வெட்டி, காய்ந்த பனையோலையாகிய காவோலையையும் பனைமட்டையையும் குறுக்கே அடுக்கினார்கள். அதற்கிடையில் வானிலிருந்த ஒருவர் கயிற்றை முன்தாங்கியில் (பம்பரில்) கட்டிவிட்டதால், முதல் இழுவையில் தாங்கி மட்டும் தனியாக வந்தது. கயிறு கட்டவேண்டியது அடிச்சட்டத்திலுள்ள இழுவைக் கொளுவியில். இழுவைக் கூலி, தாங்கி, வாடகைக்குத் தந்தவர் கேட்ட நட்டஈடு எல்லாம் சேர்ந்து வானின் வாடகையை விடப் பன்மடங்காயிற்று. உப்புச் சேற்றை அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவாததால் அடிப்பகுதியில் துருவும் ஏறியது என்று பிறகு அறிந்தேன்.

பணத்தை விட எனக்கு உறுத்துவது வேறு. உப்புக்கொத்தி, ஆலா ஆகிய நீர்க்கரைப் பறவைகள் வெறுந்தரையில், கூடென்று சொல்ல ஒன்றுமில்லாத சிறு குழியில், மண்ணின் நிறத்திலேயே முட்டையிடுகின்றன. வாகனத்திலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. அத்துடன் நாம் இட்ட தடம் அடுத்த மாரி வரை அழியாமல் கிடந்து, அடுத்த வானை உள்ளே அழைக்கும். அன்றைக்கு இளைஞர் காட்டிய தடமும் யாரோ புதைந்து மீண்ட தடமாக இருக்கலாம். பூங்கா எல்லைக்குள் அனுமதியின்றி நுழைவதே சட்டத்துக்கு மாறானது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீதியில் வாகனத்தை நிறுத்திவிட்டு நடவுங்கள். நடக்கும்போதும் குதிக்காலால் ஒருமுறை ஊன்றிப் பாருங்கள். பொருக்கு உடைந்து சாம்பல் நிறச் சேறு ஒட்டினால் அதற்கு மேல் போகவேண்டாம்.

சிவப்புத் தலையோட்டுப் பலகை

மிதிவெடி எச்சரிக்கை என்றால் எச்சரிக்கைதான். அதற்கு அப்பால் ஓரடியும் வைக்கவேண்டாம், அதன் அருகில் நின்று படமும் எடுக்கவேண்டாம்.

பறவையை எழுப்பிப் படமெடுப்பது

மாசியில் போகிறவர்களின் தவறு இது. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடித்து மணிக்கணக்காக இரை தேடுகின்ற பறவை. சிறகின் சிவப்பு படத்தில் விழவேண்டும் என்பதற்காகக் கைதட்டி எழுப்புகிறவர், அது உண்ட இரையின் பலனை வீணாகச் செலவழிக்க வைக்கிறார்.

விழுந்த பனம்பழம்

பனங்கூடலுக்கும் உடையவர் உண்டு. கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள், பனங்களியைக் காயவைத்துச் செய்த பினாட்டும் கொண்டுவந்து காட்டுவார்கள்.

உடுத்துறையில் சாப்பாட்டுப் பொதி அவிழ்ப்பது

மருதங்கேணிக்குத் தெற்கே அதே கடலோர வழியிலுள்ள உடுத்துறையில் இருப்பது 2004 சுனாமியில் இறந்தவர்களின் நினைவாலயம். நிழல் தேடுவோர் வேறிடம் பார்க்கவும்.

காட்டுக்குள் அடுப்பு மூட்டுவது

பனையின் கீழ்த் தொங்குகின்ற காவோலை சோளகக் காற்றில் ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும். தீ தலைக்கு ஏறினால் அணைக்க அங்கே யாராலும் முடியாது. கட்டுச்சோறாகக் கொண்டுபோங்கள்.