இடம்தான் மாற்றினேன், வேறொன்றும் செய்யவில்லை: டிரைவர் ஹெடர்களைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“லாஜிக்ல ஒரு வரிகூடத் தொடலண்ணே. ஹெடரைப் பிரிச்சு இடம் மாத்தினேன், அவ்வளவுதான்.”

சிங்கப்பூரின் உபி பகுதியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, திருச்சியிலிருந்து வந்து ஒன்றரை வருடமான தம்பி ஒருவர் சொன்னது இது. மேசையில் இருந்த போர்டு அரை மணி, முக்கால் மணி ஒழுங்காக ஓடும், பிறகு நின்றுவிடும். ரீசெட் செய்தால் மறுபடி அதே கதை. ஹார்ட்வேர்க்காரர்கள் பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தார்கள், கேபிளை மாற்றிப் பார்த்தார்கள். பழைய கெர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியை, போட்டதும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓடியது. பழையதற்கும் புதியதற்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு கமிட் (பதிவான மாற்றம்): ஹெடர் ஒழுங்கு.

ஹெடர் என்பது பல சி கோப்புகள் பொதுவாக உள்ளே இழுத்துக்கொள்ளும் (இன்க்ளூட் செய்யும்) அறிவிப்புக் கோப்பு. அந்த ஹெடர் இரண்டாயிரம் வரியைத் தொட்ட பழைய சரக்கு. சிப்பின் ரெஜிஸ்டர் முகவரிகள், சிப்பை இயக்கும் நிரலான டிரைவர் தனக்குள் வைத்துக்கொள்ளும் ஸ்ட்ரக்ட் (பல தரவுகளைச் சேர்த்த தொகுப்பு), பிழை தேட உதவும் டீபக் மேக்ரோக்கள் எல்லாம் ஒரே மூட்டையில் கிடந்தன. தம்பி அதை மூன்றாகப் பிரித்திருந்தார். பிரிக்கச் சொன்னதே நான்தான், ஆகவே பழியில் எனக்கும் பங்குண்டு.

ஸ்ட்ரக்ட்டின் கடைசிப் பக்கத்தில் எட்டு பைட் கவுன்டர் ஒன்று இருந்தது. புள்ளிவிவர மேக்ரோ இருந்தால் மட்டும் அது சேரும்படி இஃப்டெஃப் என்ற நிபந்தனை போட்டிருந்தார்கள். அதற்கு அடுத்த உறுப்பு ஒரு ஒர்க் ஸ்ட்ரக்ட்: சிப்பின் ஃபிஃபோ (தரவு காத்திருக்கும் வரிசை) நிரம்பி வழிந்தால் மீட்கும் வேலையை அதில்தான் வரிசையில் போடுவோம். பிரித்த பிறகு அந்த மேக்ரோ டீபக் ஹெடருக்குப் போய்விட்டது. முதன்மை சி கோப்பு டீபக் ஹெடரை இன்க்ளூட் செய்தது. சிப் அனுப்பும் இன்டரப்ட் சிக்னலைக் கவனிக்கும் சி கோப்பு செய்யவில்லை.

ஆக, ஒரே பெயருள்ள ஸ்ட்ரக்ட்டை இரண்டு கோப்புகளும் இரண்டு விதமாகப் பார்த்தன. கம்பைலர் ஏன் கத்தவில்லை? ஒவ்வொரு சி கோப்பும் தனித்தனியாகக் கம்பைல் ஆகிறது. தன் கண்ணுக்குத் தெரிந்த வடிவம் சரியாக இருந்தால் அதற்குப் போதும். லிங்கரோ பெயர்களை மட்டும்தான் பொருத்தும், உள்ளே உறுப்புகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று பார்க்காது. மேக்ரோ இல்லாதபோது இஃப்டெஃப் எச்சரிக்கையும் தராது, அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடும்.

ஃபிஃபோ எப்போதாவதுதான் நிரம்பி வழியும். அதனால்தான் அந்த அரை மணி, முக்கால் மணி. வழிந்த நொடியில் இன்டரப்ட் கோப்பு, ஒர்க் ஸ்ட்ரக்ட் எட்டு பைட் முன்னால் இருப்பதாக நினைத்துக்கொண்டு அதை வரிசையில் போட்டது. ஓட வேண்டிய ஃபங்ஷனின் முகவரி (ஃபங்ஷன் பாயின்டர்) இருக்க வேண்டிய இடத்தில் லிஸ்ட் பாயின்டர் இருந்தது. கெர்னல் அந்த முகவரிக்குத் தாவியது. அது நிரல் இருக்கும் இடமே அல்ல. கதை முடிந்தது.

கண்டுபிடித்துக் கொடுத்தது பாஹோல் என்ற கருவி. டீபக் தகவலோடு கம்பைல் செய்த ஆப்ஜெக்ட் கோப்பைக் கொடுத்தால் ஸ்ட்ரக்ட்டின் ஒவ்வொரு உறுப்பும் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று சொல்லிவிடும். இரண்டு ஆப்ஜெக்ட் கோப்புகளையும் அடுத்தடுத்துப் பார்த்தோம். எட்டு பைட் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. தம்பி ஒன்றும் பேசாமல் கீழே போய் இரண்டு தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) வாங்கிக்கொண்டு வந்தார்.

நாங்கள் செய்த திருத்தம் சின்னது. அந்த மேக்ரோவைத் தூக்கிவிட்டு, கெர்னலின் அமைப்புத் தேர்வுகளை வைத்திருக்கும் கேகான்ஃபிக்கில் ஒரு விருப்பமாக மாற்றினோம். கான்ஃபிக் மேக்ரோக்களை லினக்ஸ் பில்டே ஒவ்வொரு சி கோப்புக்கும் முதல் வரிக்கு முன்னால் சேர்த்துவிடும். யார் எந்த ஹெடரை மறந்தாலும் எல்லாக் கோப்புகளும் ஒரே வடிவத்தைத்தான் பார்க்கும். ஸ்ட்ரக்ட்டின் வடிவத்தை வேறொரு ஹெடரில் இருக்கும் மேக்ரோ தீர்மானிக்கிறது என்றால், பிரிக்கத் தொடங்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள். இன்னொரு பழக்கமும் அன்றிலிருந்து வந்தது: வெறும் இடமாற்றம் என்று சொல்லும் பேட்ச் எதுவானாலும், முன்னும் பின்னும் உள்ள ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். வரி எண் சார்ந்த டீபக் விவரங்களைத் தவிர இயந்திரக் குறியீடு மாறியிருந்தால், அது வெறும் இடமாற்றம் இல்லை.

அடுத்தவர் ஹெடர் கொண்டுவந்ததை நம்புவது

அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். உங்கள் சி கோப்பு நினைவகத்தை விடுவிக்கும் கேஃப்ரீயைக் கூப்பிடுகிறது. ஆனால் அதை அறிவிக்கும் ஸ்லாப் ஹெடரை நீங்கள் இன்க்ளூட் செய்யவில்லை. எங்கோ நான்காவது கையாக இன்னொரு ஹெடர் கொண்டுவந்து சேர்க்கிறது. பக்கத்து வீட்டு வைஃபை மாதிரி. அவர்கள் கடவுச்சொல்லை மாற்றும் வரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

லினக்ஸில் இதற்குப் பெரிய உதாரணம் 2010இல் நடந்தது. அதுவரை பெர்சிபியு என்ற இன்னொரு ஹெடர் ஸ்லாப் ஹெடரை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. பெர்சிபியுவை எல்லாரும் எப்படியோ இழுப்பதால், எல்லாருக்கும் நினைவகம் ஒதுக்கும் கேமாலக் இலவசமாகக் கிடைத்தது. அந்த ஒரு இணைப்பை வெட்டுவதற்கு முன் கெர்னல் டெவலப்பர் தேஜுன் ஹியோ ஆயிரக்கணக்கான கோப்புகளில் இன்க்ளூட் வரியைச் சேர்க்க வேண்டியிருந்தது, அதற்கென ஒரு ஸ்கிரிப்டும் எழுதினார். பேட்ச் அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை என்று கெர்னல் ஆவணம் தரும் பட்டியலிலும் இது இருக்கிறது: நீங்கள் பயன்படுத்தும் வசதியை அறிவிக்கும் ஹெடரை நீங்களே இன்க்ளூட் செய்யுங்கள், இன்னொரு ஹெடர் இழுத்துவரும் என்று இருக்காதீர்கள்.

ஒழுங்குபடுத்தும் வேலையில் இதற்கு ஒரே வரிசைதான் சரிவரும். முதலில் பயன்படுத்துபவர்களிடம் இல்லாத இன்க்ளூடைச் சேர்க்க வேண்டும், அப்புறம்தான் நடு ஹெடரிலிருந்து எடுக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் நடுவிலுள்ள கமிட்கள் பில்ட் ஆகாது. ஆறு மாதம் கழித்து யாராவது, பிழை நுழைந்த கமிட்டைத் தேடித்தரும் கிட் பைசெக்ட் ஓட்டும்போது உங்கள் கமிட்டில் வந்து முட்டிக்கொண்டு, உங்கள் பெயரை அன்போடு நினைத்துக்கொள்வார்கள்.

உள்ளே என்ன வருகிறது என்று சந்தேகம் வந்தால், ஊகிக்க வேண்டாம். சி கோப்பின் பெயரில் கடைசி எழுத்தை மட்டும் ஐ என்று மாற்றி பில்ட் கருவியான மேக்கிடம் கேட்டால், ஹெடர்களெல்லாம் விரிந்த (பிரீபிராசஸ் செய்த) முழு உரையும் கிடைக்கும். எந்த வரி எந்த ஹெடரிலிருந்து வந்தது என்றும் அதில் இருக்கும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு அதன் நீளமே ஒரு பாடம்.

நம் மெஷினில் பில்ட் ஆயிற்றே என்று அனுப்புவது

எக்ஸ்86இல் கம்பைல் ஆனது ஆர்மில் உடையும். ஆர்ம்64இல் ஓடுவது எஸ்390இல் உடையும். ஒவ்வொரு ஆர்கிடெக்சரின் (பிராசஸர் வகையின்) ஹெடர்களும் தமக்குள் வேறு வேறு ஹெடர்களை இழுப்பதால் வருவது இது. கான்ஃபிக்கும் அப்படித்தான். பவர் மேனேஜ்மென்ட் இல்லாத கான்ஃபிக், டிவைஸ் ட்ரீ (போர்டிலுள்ள ஹார்ட்வேரின் விவரப் பட்டியல்) இல்லாத கான்ஃபிக் என்று எத்தனையோ உண்டு. ஒரு வசதி அணைந்திருக்கும்போது அதன் ஃபங்ஷன்களுக்குப் பதிலாக வெறும் ஸ்டாட்டிக் இன்லைன் பொம்மைகள் ஹெடரில் இருக்கும். ஃபங்ஷன் அறிவிப்பைப் புது ஹெடருக்குக் கொண்டுபோய், எல்ஸ் பகுதியிலிருக்கும் பொம்மையைப் பழைய இடத்திலேயே விட்டுவருவது எல்லாருமே ஒருமுறை செய்யும் தவறு. நான் இரண்டு முறை செய்திருக்கிறேன்.

குறைந்தபட்சம் ஆல்மோட்கான்ஃபிக் (முடிந்ததெல்லாம் மாட்யூலாக), ஆல்நோகான்ஃபிக் (முடிந்ததெல்லாம் அணைத்து), அப்புறம் சில ரேண்ட்கான்ஃபிக் (தற்செயல் தேர்வு), இவற்றை இரண்டு மூன்று ஆர்கிடெக்சர்களில் கிராஸ் கம்பைல் செய்துவிடுங்கள். இரவில் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். மிச்சத்தை இன்டெல் நடத்தும் கெர்னல் டெஸ்ட் ரோபோ பார்த்துக்கொள்ளும் என்று விடுவது மரியாதையில்லை. ரோபோவுக்குக் கோபம் வராது, சரிதான். ஆனால் அது அனுப்பும் ஒவ்வொரு மெயிலும் அந்தப் பகுதியைப் பராமரிக்கும் மெயின்டெய்னருக்கும் போகிறது. சிங்கப்பூரிலிருந்து வேலை செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஐரோப்பாவில் இருப்பவர் காலையில் மெயிலைத் திறக்கும்போது நமக்கு மதியம் மூன்று, நான்கு மணி. ஒரு முட்டாள்தனமான பில்ட் பிழையால் முழுசாக ஒரு நாள் போய்விடும்.

நகர்த்தலையும் திருத்தத்தையும் ஒரே பேட்சில் கலப்பது

கிட் ஒரு கோப்பின் பெயர்மாற்றத்தைப் பதிவு செய்து வைப்பதில்லை. பழையதும் புதியதும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்த்துத்தான் ஊகிக்கிறது. இயல்பான அளவுகோல் 50 சதவீதம். நகர்த்தும்போதே வரிசை மாற்றி, கமென்ட் திருத்தி, டேப் சரிசெய்து கலக்கிவிட்டால் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். அப்போது ரிவ்யூ செய்பவருக்குத் தெரிவது ஆயிரம் வரி நீக்கம், ஆயிரம் வரி சேர்ப்பு. அதை யாரும் படிக்க மாட்டார்கள். நகர்த்தல் தனி பேட்ச், திருத்தம் தனி பேட்ச்.

இங்கே ஒரு குட்டிப் பிசாசு ஒளிந்திருக்கிறது. ஹெடரை நகலெடுத்து இரண்டாக்கும்போது, ஒரே ஹெடர் இரண்டு முறை உள்ளே போகாமல் தடுக்கத் தலைப்பிலிருக்கும் இன்க்ளூட் கார்ட் பெயரை மாற்ற மறந்துவிடுவது. இரண்டு ஹெடர்களுக்கும் ஒரே கார்ட் பெயர் என்றால், முதலில் வருவது உள்ளே போகும். இரண்டாவது சத்தமில்லாமல் காலியாகிவிடும். இன்க்ளூட் வரி கண் முன்னாலேயே இருக்கும், அதில் உள்ள ஸ்ட்ரக்ட் மட்டும் தெரியவில்லை என்று கம்பைலர் சாதிக்கும். இரண்டு இன்க்ளூட் வரிகளையும் இடம் மாற்றினால் பிழையும் இடம் மாறும். இதற்காக ஒரு மதிய சாப்பாட்டையே தவறவிட்ட ஆளை எனக்குத் தெரியும்.

பழைய முகவரியை அன்றே இடித்துவிடுவது

நம் ஊரில் ஒவ்வொரு புளோக்குக்கும் தனி ஆறு இலக்க அஞ்சல் குறியீடு. வீடு மாறினால், பழைய முகவரிக்குக் கொஞ்ச நாள் கடிதம் வந்துகொண்டேதான் இருக்கும். ஹெடருக்கும் அதேதான். உங்கள் பேட்ச் ஒப்புக்கொள்ளப்பட்டு அடுத்த வெளியீட்டில் சேர்வதற்குள், வேறு ஏதோ ட்ரீயில் (கெர்னலின் தனிப் பிரதியில்) வேறு யாரோ பழைய பாதையை இன்க்ளூட் செய்து புதிய டிரைவர் எழுதியிருப்பார்கள். ஆகவே புது ஹெடரை உருவாக்குங்கள், பழைய ஹெடரில் புதியதை இன்க்ளூட் செய்யும் ஒரே வரியை விடுங்கள், பயன்படுத்துபவர்களை மாற்றுங்கள், ஒரு சுற்று கழித்து, அடுத்த வெளியீட்டுக்கான மாற்றங்கள் சேரும் லினக்ஸ் நெக்ஸ்டில் தேடிப் பார்த்துவிட்டு நீக்குங்கள். எல்லா சப்சிஸ்டம்களையும் தொடும் மாற்றமென்றால் புதிய மாற்றங்களைச் சேர்க்கும் இரண்டு வார மெர்ஜ் விண்டோ முடிந்து, முதல் சோதனை வெளியீடான ஆர்சி1 வரும் நேரம்தான் தோது. அப்போதுதான் காத்திருக்கும் பேட்ச்கள் குறைவாக இருக்கும். கெர்னல் 6.12இல் அன்அலைன்ட் ஹெடர் ஏஎஸ்எம் ஃபோல்டரிலிருந்து லினக்ஸ் ஃபோல்டருக்குப் போனதும் ஒரேயடியாக ஸ்கிரிப்ட் கொண்டு செய்ததுதான்.

அதற்காக அந்த ஒரு வரி ஹெடரைப் பத்து வருடம் வைத்திருப்பதும் தவறுதான். நீக்கும் பேட்சை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கெர்னலுக்கு வெளியே இருப்பவர்களை மறப்பது

கெர்னலுக்குள் இருக்கும் ஏபிஐ எப்போது வேண்டுமானாலும் மாறலாம். யூசர் ஸ்பேஸ், அதாவது கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்கள், பார்க்கும் பக்கம் மாறக் கூடாது. இந்த இரண்டையும் கண்ணுக்குத் தெரியும்படி பிரித்தது 2012இல் 3.7 வெளியீட்டில். கெர்னல் டெவலப்பர் டேவிட் ஹவல்ஸ் அப்போது யூசர் ஸ்பேஸுக்குரிய ஹெடர்களை யூஏபிஐ ஃபோல்டருக்குக் கொண்டுபோனார். அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் ஹெடரை அழகுக்காக இடம் மாற்றாதீர்கள். அதன் பாதையே வெளியிலிருக்கும் நிரல்கள் எழுதிவைத்திருக்கும் முகவரி.

ஸ்ட்ரக்ட்டையும் தொடாதீர்கள். நிரல்கள் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் ஐஆக்டில் எண்ணை உருவாக்கும் மேக்ரோக்கள் ஸ்ட்ரக்ட்டின் அளவையும் எண்ணுக்குள் சேர்த்துவிடும். ஒரு உறுப்பு கூடினால் எண்ணே மாறும். பழைய நிரல் அனுப்பும் எண்ணை டிரைவர் அடையாளம் காணாமல் திருப்பி அனுப்பிவிடும்.

டிவைஸ் ட்ரீக்கான எண்களை வைத்திருக்கும் டிடி பைண்டிங்ஸ் ஃபோல்டரும் இதே ரகம்தான், பலருக்கு இது தெரிவதில்லை. அந்த ஹெடர்களை சி கோப்புகள் மட்டுமல்ல, டிவைஸ் ட்ரீ கோப்புகளும் இன்க்ளூட் செய்கின்றன. அங்கே சி பிரீபிராசஸர் மட்டும்தான் ஓடும், ஆகவே ஈனம் (enum) என்ற எண் பட்டியலோ ஸ்ட்ரக்ட்டோ உள்ளே வந்தால் டிவைஸ் ட்ரீ கம்பைலர் திணறும். எண்களை வரிசைப்படுத்தி அழகாக்கினால் இன்னும் மோசம்: விற்றுப் போன போர்டுகளில் பழைய எண்கள் கம்பைல் ஆகி உட்கார்ந்திருக்கின்றன.

எவ்வளவு பிரிப்பது

ஒரு ஹெடரை ஒரே ஒரு டிரைவர்தான் பயன்படுத்துகிறது என்றால், அது சி கோப்பின் பக்கத்திலேயே இருக்கட்டும். பொது இன்க்ளூட் ஃபோல்டரில் அதற்கு வேலையில்லை. பாயின்டர் மட்டும்தான் தேவை என்றால் ஸ்ட்ரக்ட்டின் பெயரை ஒரு வரியில் முன்கூட்டி அறிவித்தால் போதும், முழு ஹெடரை இழுக்க வேண்டாம். இந்த இரண்டைச் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அதற்கு மேல் ஆசைப்படும்போது 2022 ஜனவரியை நினைத்துக்கொள்வேன். கெர்னல் டெவலப்பர் இங்கோ மோல்னார் ஓராண்டுக்கு மேல் உழைத்து, 2,297 கமிட்கள் கொண்ட ஹெடர் சீரமைப்பு ஒன்றை வெளியிட்டார். பில்ட் வேகம் கான்ஃபிக்கைப் பொறுத்து 50 முதல் 80 சதவீதம் கூடுவதாக அவரே அளந்து சொன்னார். பலரும் பாராட்டினார்கள். ஆனால் அது மொத்தமாகக் கெர்னலுக்குள் வரவில்லை. அதே மனிதர் 2017இல் ஷெட்யூலருக்கான ஸ்கெட் ஹெடரைப் பிரித்துக் கொடுத்தபோது 4.11இலேயே சேர்ந்துவிட்டது. ஒரு ஹெடர், ஒரு எல்லை. மற்றவர்கள் உட்கார்ந்து படித்துவிட முடிந்தது.

தம்பி இப்போது வேறொரு டிரைவரின் ஹெடரைப் பிரித்திருக்கிறார், ஏழு பேட்ச்களாக. மெயின்டெய்னர்ஸ் கோப்பில் பழைய பாதையைத் திருத்தும் வரிகூட மறக்கவில்லை. பாய லேபாரில் ரயில் மாறும்போது மெசேஜ் அனுப்பினார்: “அண்ணே, எம்68கேல ஒண்ணு உடையுது. ஒரு இன்க்ளூட்தான். ஆபீஸ் வந்ததும் சரி பண்ணிடறேன்.”