அமெரிக்காவுக்குப் போனவனை நாவலாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புலம்பெயர்ந்தவனின் கதையைப் பெரும்பாலும் ஏக்கத்தில்தான் தொடங்குகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே பனி, கையில் காபி, ஊரை நினைத்து ஒரு பெருமூச்சு. அவன் ஏன் கிளம்பினான் என்பது ஐம்பது பக்கம் தாண்டியும் தெரியாது. லட்சியத்துக்குக் கணக்கு வேண்டும்: படிப்புக் கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எத்தனை வருடத்தில் திரும்புவதாகச் சொல்லிவிட்டுப் போனான். முதல் அத்தியாயத்திலேயே இது வந்துவிட்டால் பின்னால் வரும் ஏக்கத்துக்குக் கனம் கூடும்.

இன்னும் பெரிய தவறு, விசாவை வெறும் பின்னணியாக விட்டுவிடுவது. எச்-1பி என்ற வேலை விசாவில் முதலில் 3 வருடம், பொதுவாக மொத்தம் 6 வருடம் இருக்கலாம். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் இன்னொரு நிறுவனம் அவனுக்காக மனுப் போட வேண்டும், இல்லையென்றால் வேறு விசாவுக்கு மாற வேண்டும் அல்லது நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கோபத்தில் ராஜினாமா செய்துவிட்டு நான்கு மாதம் கடற்கரையில் உட்கார்ந்து வாழ்க்கையை யோசிக்கும் நாயகனை, அங்கே இருக்கும் வாசகர் ஒரு நொடியும் நம்பமாட்டார்.

காதலும் இந்தக் காகிதத்தில்தான் சிக்குகிறது. எச்-1பி-காரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் வரும் மனைவிக்கு 2015 மே மாதத்துக்கு முன் வேலை செய்ய அனுமதியே கிடையாது. அதன் பிறகும், கணவனின் க்ரீன் கார்டு (நிரந்தரக் குடியுரிமை அட்டை) நடைமுறை குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் அனுமதி. 2011-இல் நடக்கும் கதையில் அவள் பொறியியல் பட்டத்தோடு நான்கு சுவருக்குள் இருக்கிறாள். அவன் பதவி உயர்வுக்கு ஓடுகிறான். நாவலின் உயிர் இங்கேதான். இதை விட்டுவிட்டு 'வெள்ளைக்காரத் தோழி' ஒருத்தியைக் கொண்டுவந்து மோதலை உண்டாக்குவது சோம்பேறித்தனம். அப்படி ஒருத்தி வந்தே தீர வேண்டுமென்றால் அவளுக்கும் வேலை, கடன், அம்மா எல்லாம் இருக்கட்டும்.

ஆங்கில உரையாடலைத் தமிழில் எழுதும்போது 'யூ' என்ற ஒரே சொல் நீயாகவும் வரலாம், நீங்களாகவும் வரலாம். எந்தக் காட்சியில் நீங்கள் போய் நீ வருகிறது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கவனமில்லாமல் மாறி மாறி எழுதினால், இருவரும் நெருங்கிய தருணம் வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.

'நான் யார்?' என்று கண்ணாடி முன் நின்று கேட்கவைக்காதீர்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் அவன் பெயர் குடும்பப் பெயராகிவிடும்; சொந்தப் பெயருக்கான இடத்தில் 'எஃப்என்யூ', அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று அச்சாகும். வங்கியில் அவனை அந்த மூன்று எழுத்தால் கூப்பிடும் ஒரு காட்சி பத்துப் பக்கப் புலம்பலுக்குச் சமம்.

ஊரோடு பேசும் காட்சிகளில் வருடத்தைப் பாருங்கள். 1999 என்றால் காலிங் கார்டு, அதாவது முன்பணம் கட்டி வாங்கும் தொலைபேசி அட்டை; நிமிடக் கணக்கு. வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு 2016-இல்தான் வந்தது. சென்னையில் அம்மா இரவு 9 மணிக்குக் கூப்பிட்டால் நியூயார்க்கில் கோடையில் காலை 11.30, குளிர்காலத்தில் 10.30. அவன் மீட்டிங்கில் இருப்பான். எடுக்கமாட்டான்.