வசாவிளானுக்கு வழி: ஊருக்கு ஜிபிஎஸ் கொண்டுபோகிறவர்களுக்கு

ரொறன்ரோவில் வருடக்கணக்காக என் காரில் ஒட்டியிருந்த கார்மின் ஜிபிஎஸ் பெட்டியை 2025 ஆடியில் ஊருக்குக் கொண்டுபோனேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து யாழ்ப்பாணம் வரை ஒரு பிழையும் விடாமல் கூட்டிக்கொண்டு போனது. அதன்பிறகு, உரும்பிராயில் இருந்து எங்கள் ஊர் வசாவிளானுக்குப் போகிற ஆறேழு கிலோமீற்றரில், என்னையும் 82 வயதுப் பெரியப்பாவையும் ஒரு முள்வேலிக்கு முன்னால் கொண்டுபோய் விட்டது. உங்கள் வீட்டிலும் ஒரு பெரியப்பா காத்திருப்பார் என்பதால் இதை எழுதுகிறேன்.

பெட்டி வாங்கும்போது விலையைப் பிறகு பாருங்கள். உள்ளே எந்த நாட்டு வரைபடம் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. கனடாவில் விற்கிற பெட்டிக்குள் வட அமெரிக்காதான் இருக்கும். வாழ்நாள் முழுக்க இலவசப் புதுப்பிப்பு என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதும் அந்த வட அமெரிக்காவுக்குத்தான். மைக்ரோ எஸ்டி அட்டை போடலாமா, வெளியில் இருந்து வரைபடம் ஏற்றலாமா என்று கேட்டு வாங்குங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் இருந்து செய்த இலங்கை வரைபடம் கார்மினுக்கு ஏற்ற கோப்பாக இலவசமாகவே கிடைக்கிறது. தன்னார்வலர்கள் பார்த்துப் பார்த்து வரைந்தது, பல இடங்களில் ஒழுங்கைகள் கூட இருக்கும். அதைப் புறப்படுவதற்கு முதல் கிழமை புதிதாக இறக்குங்கள். சங்குப்பிட்டிப் பாலம் 2011 தையில்தான் திறந்தது. அதற்கு முந்திய வரைபடத்தை நம்பினால் மன்னாரில் இருந்து யாழ்ப்பாணம் வர ஆனையிறவைச் சுற்ற வேண்டும்.

போன் இருக்கப் பெட்டி எதற்கு என்று மகள் கேட்டாள். ஊரில் இறங்கிய நிமிடத்தில் இருந்து போன் நம்முடையது இல்லை. "எங்கை நிக்கிறியள், சாப்பிட்டிட்டியளோ, எங்களிட்டை எப்ப வாறியள்" என்று ஒவ்வொரு சந்தியிலும் அடிக்கும், வழி திரையில் இருந்து போய்விடும். முன்கண்ணாடி வெயிலில் போன் சூடேறி அணைந்தும் விடும். பெட்டிக்கு வேறு வேலை இல்லை. ஆனால் அதன் பற்றரி ஒரு மணித்தியாலம் தாண்டுவதே கஷ்டம். காரில் செருகும் சார்ஜரை மறக்காதீர்கள். தமிழ்நாட்டுக்கும் போகிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் வகைக் கருவியை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுபோனால் பிடித்து வைப்பார்கள். நான் சொல்வது வழி மட்டும் காட்டுகிற சாதாரணப் பெட்டி.

கட்டுநாயக்காவில் அதைப் போட்டவுடன் வேலை செய்யாது. கடைசியாக அது கண்விழித்தது ரொறன்ரோவில். எந்தச் செய்மதி எங்கே நிற்கிறது என்ற முழு விபரத்தையும் வானத்தில் இருந்து வாங்கி முடிக்கப் பன்னிரண்டரை நிமிடம் வரை எடுக்கும். வாகனத் தரிப்பிடக் கூரைக்குக் கீழே நிற்காமல் திறந்த வெளியில் வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடியுங்கள். ஓட்டுவதற்குச் சர்வதேச அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது, இலங்கையில் அதற்குத் தனியாக அனுமதி பெற வேண்டும். 2025 ஆவணியில் விமான நிலையத்திலேயே அதற்கு ஒரு கவுண்டர் திறந்துவிட்டார்கள்.

இடப்பெயர்களில்தான் பலர் மாட்டுப்படுகிறார்கள். நம் வாயில் வருகிற பெயர் பெட்டியில் இராது. பருத்தித்துறையை Point Pedro என்றும், ஊர்காவற்றுறையை Kayts என்றும், ஆனையிறவை Elephant Pass என்றும் ஆங்கில எழுத்தில் தேடுங்கள். வீட்டு விலாசம் அறவே உதவாது. "வைரவர் கோயிலடி" என்பதை எந்தப் பெட்டி அறியும்? ஊரில் இருப்பவரிடம் வட்ஸ்அப்பில் இருப்பிடத்தை அனுப்பச் சொல்லி, அதில் வருகிற அகலக்கோடு நெடுங்கோடு எண்களை அப்படியே ஏற்றுங்கள். தசமத்தில் வந்ததா, பாகை கலையில் (டிகிரி, மினிட்) வந்ததா என்று பாருங்கள். 9 பாகை 45 கலையும் 9.45 பாகையும் ஒன்றல்ல. மாறினால் 33 கிலோமீற்றர் தெற்கே, கடலேரிக்கு அந்தப் பக்கம் போய் நிற்பீர்கள்.

புத்தளத்தில் இருந்து மன்னாருக்கு நேர்கோடு போல ஒரு வழி காட்டும். அது வில்பத்துக் காட்டுக்குள்ளால் போகிற பழைய வீதி, எடுக்காதீர்கள். அனுராதபுரம், மதவாச்சி வந்து ஏ-9 நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். முகமாலைப் பக்கத்தில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால், பெட்டி என்ன குறுக்குவழி சொன்னாலும் தார் வீதியை விட்டு இறங்கக் கூடாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடியிருக்கும், பெட்டிக்கு அது தெரியாது.

இனி வசாவிளான். எங்கள் சனம் போரில் அங்கிருந்து 1990 ஆனியில் வெளிக்கிட்டது. காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. நான் அதற்கு இரண்டு வருடம் முதலே கனடா வந்துவிட்டேன். அப்பா பிறகு வந்து சேர்ந்தார். பெரியப்பா வரவில்லை. கடைசிக் காலத்தில் அப்பா என் கணினியில் செய்மதிப் படத்தைப் பெரிதாக்கி, பற்றைக்குள் கறுப்புப் பொட்டாகத் தெரிந்த கிணற்றில் விரலை வைத்தார். விரல் எடுக்க முதலே அந்த எண்களைக் குறித்து, பெட்டியில் "வீடு" என்று பதிந்து வைத்தேன். அதைப் பெரியப்பாவிடம் சொன்னதுதான் நான் விட்ட பிழை.

மற்ற நாள் விடிய ஐந்தரைக்கே வேட்டி சால்வையோடு படலையில் நின்றார். கையில் பொலித்தீன் பைக்குள் காணி உறுதியின் பிரதி. 2025 சித்திரையில் வசாவிளான் பலாலி வீதி திறந்தது எனக்குத் தெரியும். ஆனால் பெட்டியில் "குறுகிய தூரம்" என்ற அமைப்பு போட்டிருந்தது. அது வசாவிளான் சந்தியை விட்டுவிட்டு, கிழக்கே அச்சுவேலிப் பக்க ஒழுங்கைகளுக்குள் திருப்பியது.

"தம்பி, உது பிழையான பாதை. சந்தியாலை விடு."

"பெட்டி காட்டுது, பெரியப்பா."

"கொப்பரும் நானும் சைக்கிள் ஓடின இடம் மோனை உது. உந்தப் பெட்டி எப்ப வந்தது?"

நான் கேட்கவில்லை. 37 வருடம் கழித்து வந்து, அங்கேயே இருந்தவருக்கு வழி சொன்னேன். ஒழுங்கை ஒடுங்கி, தார் முடிந்து, முன்னால் முள்வேலி. பெட்டியில் வீதி வேலிக்குள்ளால் நேராகப் போகிறது, 900 மீற்றரில் சேருமிடத்தைக் காட்டுகிற கட்டம் போட்ட கொடி நிற்கிறது. நான் காரைப் பின்னுக்கு எடுக்கிற நேரத்தில் பெரியப்பா கதவைத் திறந்து இறங்கி வேலியை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்.

சீருடைக்காரர் இருவர் வந்தார்கள். ஒருவர் காருக்குள் குனிந்து திரையைப் பார்த்தார். வேலிக்கு உள்ளே ஒரு புள்ளி, அதற்கு ஒரு பெயர். யார் போட்டது, எப்போது போட்டது, வேறு என்ன போட்டிருக்கிறாய். எனக்குச் சிங்களம் வராது. பெரியப்பாதான் உறுதியை எடுத்து விரித்துப் பேசினார். கடவுச்சீட்டையும் பெட்டியையும் கொண்டுபோனவர்கள் மூன்று மணித்தியாலம் கழித்துத் திருப்பித் தந்தார்கள். அதுவரை அந்த மனிசன் வெயிலில், காரின் சூட்டுக்குள், ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லாமல் இருந்தார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஆகவே, விடுபடாத காணி உள்ளவர்களே, வேலிக்குள் இருக்கும் இடத்தைப் பெட்டியில் பதிந்துகொண்டு திரியாதீர்கள். அந்தப் பக்கம் போகமுன் கிராம சேவையாளரிடம் எந்த வீதி திறந்திருக்கிறது என்று கேளுங்கள். "விரைவான வழி" என்று மாற்றி, மண் வீதிகளைத் தவிர்க்கும் அமைப்பையும் போடுங்கள். பக்கத்தில் ஊர் ஆள் இருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இரண்டு நாள் கழித்துப் பெரியப்பா திரும்பவும் கேட்டார். இந்த முறை சந்தியால் போனோம். நான் போன நேரத்தில் அந்த வீதிக்கு விதி இருந்தது: காலை 6 முதல் மாலை 5 வரைதான், 40 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது, நிறுத்தக் கூடாது, திருப்பக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. வீட்டுப் புள்ளியை அழிக்கச் சொல்லி எனக்கு நானே சொல்லியும் அழிக்காமல்தான் போனேன். இரண்டு பக்கமும் வேலி, அதற்குப் பின்னால் பற்றை, அங்கங்கே தலையில்லாத பனை. பெட்டி மீற்றர் எண்ணிக்கொண்டு வந்தது. 300. 200. இடப்பக்கம் என்றது.

"கொஞ்சம் நிப்பாட்டு, தம்பி."

"ஏலாது, பெரியப்பா."

வேகத்தைக் குறைத்தேன், அவ்வளவுதான் முடிந்தது. அவர் கண்ணாடியை இறக்கி, கையை வெளியில் நீட்டி, ஒழுங்கை இருந்த இடத்தில் காற்றைத் தொட்டார். தாண்டியதும் பெட்டி திருப்பச் சொல்லத் தொடங்கியது. முடிந்தால் திருப்புங்கள், முடிந்தால் திருப்புங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரே குரல். எனக்குப் பொறுக்கவில்லை, அணைக்கக் கையை நீட்டினேன்.

"என்ன சொல்லுது?" என்றார்.

சொன்னேன்.

"நிப்பாட்டாதை. சொல்லட்டும்."

பலாலி வரும்வரை அது சொல்லிக்கொண்டே வந்தது.