கட்டம் போட்ட நோட்டில் 1956

கோத்தகிரியில் மூடுபனி இறங்கி மைதானம் மறைந்துவிட்டால், பேத்தியைத் திண்ணையில் உட்காரவைத்து 1956 அக்டோபர் 8 அன்று நியூயார்க் யாங்கீஸும் புரூக்ளின் டாட்ஜர்ஸும் மோதிய பேஸ்பால் ஆட்டத்தை நோட்டில் குறியீடுகளாக எழுதச் சொல்வேன். பேஸ்பால் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். அணிக்கு ஒரு பக்கம். குறுக்கே ஒன்பது இன்னிங்ஸ், நெடுக்கே ஒன்பது பேட்டர்கள். களத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்: எறிபவர் 1, பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. மற்ற மூவர் எல்லைப்பக்கம், இடமிருந்து வலமாக 7, 8, 9.

இரண்டாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் ஜாக்கி ராபின்சன் அடித்த பந்து மூன்றாம் பேஸில் நின்ற யாங்கீஸின் கேரி மேல் பட்டுத் தெறித்தது. ஷார்ட்ஸ்டாப் மெக்டூகல்ட் அதை அள்ளி முதல் பேஸுக்கு எறிந்தார், அவுட். 5-6-3 என்று எழுதுங்கள். அவசரப்படாதீர்கள். பந்து கொஞ்சம் விலகித் தெறித்திருந்தால் ராபின்சன் முதல் பேஸை எட்டியிருப்பார்; இந்த ஆட்டத்தை யார் நினைத்திருப்பார்கள்!

நான்காவதில் யாங்கீஸின் மிக்கி மேன்டில் ஹோம் ரன் அடித்தார், அதாவது ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வந்தார். யாங்கீஸ் பக்கத்தில் ஒரு வைரம் வரைந்து உள்ளே கரியால் நிரப்புங்கள்.

கடைசியாக, டாட்ஜர்ஸின் எறிபவர் மாக்லிக்குப் பதிலாக பேட் செய்ய இறங்கிய டேல் மிட்செல், 27-வது ஆள். யாங்கீஸின் எறிபவர் டான் லார்சனின் 97-வது பந்தை மிட்செல் அடிக்காமல் விட, நடுவர் அதை மூன்றாவது ஸ்டிரைக் என்றார், அவுட். அதற்கு ஆங்கில எழுத்து 'கே'யைத் திருப்பிப் போட வேண்டும். டாட்ஜர்ஸ் பக்கத்தில் ஒருவர்கூட முதல் பேஸை எட்டவில்லை.