உடம்பைத் திட்டாமல் பலம் ஏற்றுவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகள் பக்கம் காலையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். லாரியிலிருந்து மூட்டை இறக்குகிற அண்ணன்மார் பலருக்குத் தொப்பை இருக்கும். மூட்டை பாட்டுக்குப் பிடரியில் ஏறி, கடைக்குள் போய்விடும். இளவட்டக்கல் தூக்குகிற ஊர்களிலும் கல் முழங்காலோடு நின்றதா, நெஞ்சுக்கு வந்ததா, தோளைத் தாண்டியதா என்றுதான் கூட்டம் பார்க்கும். தூக்கினவன் இடுப்பளவை யாரும் கேட்பதில்லை. ஜிம் வாசலை மிதித்ததும் மட்டும் நமக்குக் கண்ணாடியும் எடை மெஷினும்தான் கண்ணில் படுகின்றன.

புதூர்ப் பக்கம் ஒரு மாடியில் சின்னதாகப் பயிற்சி கொடுக்கிறேன். வருகிறவர்களில் நாற்பது தாண்டிய பெண்கள்தான் அதிகம். ‘அழகுக்கு இல்லை, பலத்துக்கு’ என்று சொல்லித்தான் சேர்க்கிறேன். அப்படிச் சொல்லிக்கொண்டே நான் செய்த தவறுகளும் இதில் உண்டு.

முதலாவது, சேருகிற அன்றைக்கே நடப்பது. எடை, இஞ்சு டேப், முன்னும் பக்கவாட்டிலும் ஒரு போட்டோ. ஆரம்பத்தில் நானும் இதையெல்லாம் செய்தேன். ஐம்பத்திரண்டு வயது அக்கா ஒருவர் செருப்பைக் கழற்றினார், வளையலைக் கழற்றினார், தாலிச் செயினைக் கழற்ற மனமில்லாமல் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெஷின் மேல் ஏறினார். கையில் பிடித்தாலும் கனம் அதேதான் என்று அவருக்குத் தெரியாதா என்ன! அதற்கப்புறம் திங்கள்தோறும் எடை பார்ப்போம் என்பதற்காக ஞாயிறு ராத்திரியே சாப்பாட்டை விட்டார். ஒரு திங்கள் காலை ஸ்குவாட், அதாவது முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழும் பயிற்சி, போடும்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது.

பயிற்சி தொடங்கிய புதிதில் தசைகள் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். எடை அரைக் கிலோ, ஒரு கிலோ ஏறினாலும் ஏறும். முதல் ஆறு, எட்டு வாரத்தில் கூடுகிற பலத்தில் பெரும்பங்கு நரம்புகள் தசையை வேலை வாங்கப் பழகுவதால் வருவது. வெளியே எதுவும் தெரியாது. அந்த நேரத்தில் எடை மெஷினைக் கேட்டால் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்றுதான் சொல்லும். பலர் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நின்றுவிடுகிறார்கள்.

அதனால் இப்போது நோட்டில் எழுதுவது வேறு. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது முப்பது வினாடியில் எத்தனை தடவை? தரையில் சம்மணம் போட்டவர் கை ஊன்றாமல் எழ முடிகிறதா? 15 லிட்டர் தண்ணீர்க் குடத்தோடு எத்தனை படி ஏறினார்? டவுன் பஸ் படியில் கம்பியைப் பிடித்து உடம்பை இழுக்காமல் கால் ஊன்றி ஏற முடிகிறதா?

அடுத்தது எனக்குக் கோபம் வருகிற தவறு. உடம்பைக் குறை சொல்லக்கூடாது என்றதும் வேலையும் லேசாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வது. குண்டாக இருப்பவரை ட்ரெட்மில்லில் ஏற்றிவிட்டு மறந்துவிடுகிற ஜிம் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். “பாப்பா, எனக்கு அந்த ரோஸ் கலர் டம்பெல் போதும்” என்று வருகிறவர்களே ஒதுங்குவதும் உண்டு. எண்பது கிலோ உடம்பை நாள் முழுக்கச் சுமந்து அடுப்படிக்கும் மாடிக்கும் நடக்கிற காலில் ஏற்கெனவே பலம் இருக்கிறது. அந்தக் காலுக்கு ஒரு கிலோ டம்பெல் கொடுப்பதை மரியாதைக்குறைவு என்றே சொல்வேன்.

கணக்கு எளிது. பன்னிரண்டு தடவை தூக்கும்போது நேற்றைய சீரியல் கதையை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதென்றால் கனம் போதாது. கடைசி இரண்டு மூன்று தடவை திணற வேண்டும், ஆனால் முதுகு வளையக் கூடாது. அதுவும் லேசாகிவிட்டால் ஒரு கிலோவோ இரண்டரைக் கிலோவோ ஏற்ற வேண்டும். ஆறு மாதமாக அதே கனத்தைத் தூக்கினால் உடம்பு ஏன் மாறப்போகிறது? பெண்களுக்கு ஆம்பளை மாதிரி புஜம் வந்துவிடும் என்ற பயம் வேண்டாம். அதற்கு வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஹார்மோன் பெண் உடம்பில் ரொம்பக் குறைவு.

‘அதான் தெப்பக்குளத்தைச் சுற்றி வெள்ளென நடக்கிறேனே’ என்பார்கள். நல்லதுதான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன வழிகாட்டலில் வாரம் 150 நிமிட மிதமான உழைப்போடு, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் உண்டு. நம் ஆட்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். முப்பதைத் தாண்டினால் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையலாம்; மாதவிடாய் நின்றபின் எலும்பும் தேயும். இரண்டுக்கும் கனம் தூக்குவது கைகொடுக்கும்.

ஒல்லியாக இருப்பவர்களைக் குச்சி, ஓமக்குச்சி என்று கிண்டல் செய்து புரதப் பவுடர் டப்பா வாங்க வைப்பதும் இதே ஜாதித் தவறுதான்.

உடம்புக்குத் தக்கபடி பயிற்சியை மாற்றாமல், ‘உனக்கு வரல’ என்று சொல்லிவிடுவது இன்னொன்று. டெட்லிஃப்ட் என்பது தரையில் கிடக்கிற கனத்தைக் குனிந்து தூக்குவது. வயிறு பெரிதாக இருந்தால் காலை ஒட்டி வைத்துக் குனியும்போது தொடையில் இடிக்கும், முதுகு வளையும். காலை அகட்டி வைத்து, பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி, கையைக் கால்களுக்கு நடுவே இறக்கச் சொன்னால் அதே டெட்லிஃப்ட் சரியாக வரும். ஸ்குவாட் ஆழம் போகப் பயந்தால் பின்னால் ஒரு ஸ்டூல். வாரம் போகப் போக உயரத்தைக் குறைக்கலாம். தண்டால் தரையில் வராதா? மாடிக் கட்டைச்சுவரில் கை ஊன்றி ஆரம்பிக்கலாம். துப்பட்டாவை மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள், மெஷின் கயிற்றில் மாட்டினால் வினை.

சாப்பாட்டுக்குத் தண்டனையாகப் பயிற்சி செய்யாதீர்கள். “நைட் கறி தோசை சாப்பிட்டுட்டேன் மிஸ், இன்னைக்கு நூறு பஸ்கி போட்டுடறேன்” என்று ஒரு தம்பி போட்டான். நாலு நாள் படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினான். கடுமையாக வேலை வாங்கிய தசைக்கு இரண்டு நாள் ஓய்வு வேண்டும், கூடவே புரதமும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கில் சாதாரண ஆளுக்கே உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், கனம் தூக்குகிறவருக்கு அதைவிடக் கூட. மூன்று இட்லியில் ஆறு கிராம் அளவுதான் தேறும். கூட ஒரு முட்டை வைத்தால் இன்னொரு ஆறு. சுண்டல், பால், மீன் என்று எது தோதோ அதைச் சேருங்கள். கிட்னிப் பிரச்சினை இருப்பவர் டாக்டரைக் கேட்டபின்.

டாக்டர் என்றதும் ஞாபகம் வருகிறது: உடம்பை ஏற்றுக்கொள்வதும் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் இருப்பதும் ஒன்றல்ல. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடுகிற பி.எம்.ஐ. கணக்கு தசை எது, கொழுப்பு எது என்று பிரித்துச் சொல்லாது என்பது உண்மை. அதற்காக சுகர் டெஸ்டையும் தூக்கிப் போட முடியுமா? இன்சுலினோ சில வகை சுகர் மாத்திரையோ எடுப்பவருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை இறங்கலாம். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். பி.பி. இருப்பவர் மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது. தூக்கும்போது மூச்சு வெளியே போக வேண்டும். நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

கடைசியாக, பாராட்டில் வருகிற தவறு. எங்கள் அக்கா ஒருவர் மூன்று வாரம் கழித்து வந்தார். “நல்லா மெலிஞ்சுட்டீங்களே அக்கா, என்ன பண்ணீங்க?” என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். “டெங்கு வந்து படுத்துக் கிடந்தேன்” என்றார். குடத்தோடு முன்னால் நாற்பது படி ஏறியவர் அன்றைக்குப் பதினெட்டில் குடத்தை இறக்கி வைத்தார். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சேர்த்துத்தான்.

எடை மெஷினை நான் விற்கவில்லை. மணல் மூட்டை கட்டும்போது தேவைப்படுகிறது: பத்து, பதினைந்து, இருபது கிலோ, கடைசியில் அரிசிச் சிப்பத்துக்குச் சமமாக இருபத்தைந்து. நிறுக்கிற வேலை அந்தத் தாலிச் செயின் அக்காவுடையது. போன வாரம் கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினார்: “ஏத்தா, இது அரைக் கிலோ குறையுது. இன்னும் ரெண்டு கை மணலைப் போடு.”