மழைக்கு முன்னே ஒரு குரல் பதிவு

பாலர் பள்ளி, அங்கன்வாடி டீச்சர்களுக்கு ஒரு யோசனை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே பெற்றோருக்குச் சேதி போய்விட வேண்டும். நீளமான சுற்றறிக்கை வேண்டாம், வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல் பதிவு போதும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல வீடுகளில் பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அப்பத்தாவோ, அம்மாவைப் பெற்ற ஆயாவோதான். அவர்கள் காதில் விழுந்தால்தான் காரியம் நடக்கும்.

முதலில் பாடம்: "இந்த மாதம் மழைப் பாட்டும் தவளைக் கதையும் சொல்லித் தருகிறோம். முற்றத்தில் விழும் மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள்." அதையே பிடித்துக்கொண்டு கொசுவுக்குப் போய்விடலாம். டெங்குக் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில் கடிக்கும். மழைத்தண்ணீர் பிடித்த அண்டாவை மூடிவைக்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவவும் சொல்லுங்கள். முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும், வெறுமனே கொட்டினால் போகாது.

அப்புறம் ஊருணி. நிரம்பியதும் பிள்ளைகளுக்கு அங்கே ஓடத்தான் தோன்றும். பெரியவர் கை பிடிக்காமல் படித்துறைப் பக்கம் விடவே கூடாது. இதை மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்கு என்றால் ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் ஆறவைத்த வெந்நீரில் கரைக்க வேண்டும். மறுநாள் மீதியைக் கொட்டிவிட வேண்டும். பிள்ளை சோர்ந்து கிடந்தால் உடனே ஆஸ்பத்திரி, அவசரத்துக்கு 108.

மார்ச் பிறந்ததும் வெயிலுக்குத் தனியாக ஒரு பதிவு போடுங்கள்.